வளைந்த கம்பி

ஷாஹீன் டீச்சர் போனில் வந்த ஒரு வரியைப் படிப்பார். தகவல் என்றால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் ஓட வேண்டும். கருத்து என்றால் கதவுப் பக்கம்.

“பொம்மிடியில ரயில் நிக்கும்.” ஜன்னலுக்கு ஓட்டம்.

“இண்டூர்த் தக்காளிக்கு ஈடே கிடையாது.” கதவுக்கு.

எதிர் வகுப்பில் தாள் திருத்திக்கொண்டிருந்த தமிழாசிரியர் விக்டருக்கு, அவர்கள் தன் நெஞ்சின் மேல் ஓடுவதுபோல் இருந்தது. ஷாஹீன் டீச்சர் இந்தப் பள்ளிக்கு வரும்வரை பிள்ளைகள் மொய்த்தது அவர் மேசையைத்தான். பேச்சுப்போட்டிக்கு அவர் எழுதிக்கொடுத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் கோப்பை வாங்கியவள் பிளசி. போன வாரம் அதே பிளசி, அடுத்த போட்டிக்கு அவர் எழுதிக்கொடுத்த தாளைத் திருப்பி நீட்டினாள். “சார், இதுல பாதி உங்க கருத்துதானுங்களே?”

உடற்கல்வி ஆசிரியர் நவநீதன் சும்மா இருப்பாரா? “என்னங்க விக்டரு, உங்க ஆளுங்க கட்சி மாறிட்டாங்களாட்டம் இருக்குது!”

அன்று மதியம் விக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த ஓட்டத்தைப் படம் பிடித்தார். ஊர் பேஸ்புக் குழுவில் வேறு பெயரில் போட்டார்: ‘ஒன்பதாம் வகுப்பில் பாடமே நடப்பதில்லை. ஓடிப்பிடித்து விளையாட்டுத்தான்.’

மறுநாள் தலைமையாசிரியர் ஷாஹீனைக் கூப்பிட்டு விசாரித்தார் என்று கேட்டதும் விக்டருக்குச் சோறு ருசித்தது.

ஷாஹீன் அந்தப் பதிவையே பாடமாக வைத்தார். ஓடுகிறோம் என்பது தகவல். பாடம் நடக்கவில்லை என்பது, நோட்டைத் திறந்தால் பொய். சரி, படம் எங்கிருந்து எடுத்தது?

டீச்சரின் போனோடு பிளசி வெளியே வந்தாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள்.

“உள்ள வரலாங்களா சார்?”

விக்டரின் மேசையருகே நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு வளைந்த கம்பி. மேசைக்கு எதிரே, அந்த அறை ஜன்னலிலும் அதே கம்பி. உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குக் குனிந்ததும் இரண்டும் பொருந்தின.

“என்ன, நான்தான்னு போய்ச் சொல்லப்போறியா?”

“இல்லைங்க சார். இங்கிருந்து எடுத்தது, அது தகவல். யாரு எடுத்தாங்கன்னு நான் பாக்கல. பாக்காததச் சொன்னா அது என் கருத்துங்க.”

‘நான்தான்’ என்று ஒரு சொல் போதும். விக்டர் திருத்த வேண்டிய அடுத்த தாளை இழுத்தார்.

பிளசி முற்றத்தைத் தாண்டி ஓடினாள். அவள் எதிர் வகுப்புக்குள் நுழையும்வரை அவர் கம்பிக்கு இப்பால் நின்று பார்த்தார். பிடிபட்டதுகூட உறைக்கவில்லை. இப்படிப் பேச அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதுதான் உறைத்தது.