முப்பது பிள்ளைகள் வேண்டும்

சுபைறாவின் மகள் றிஸ்னா, மூன்று வயதில்தான் சுவரில் சாயாமல் தனியே உட்கார்ந்தாள். அவளை அப்படி உட்கார வைத்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த வினோஜா மிஸ். கல்முனையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய நிலையத்தில், வளர்ச்சி பிந்திய சின்னப் பிள்ளைகளுக்கு அவர் பயிற்சி கொடுத்துவந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே கட்டணச் சலுகை. சுனாமி வீட்டுத்திட்டத்தில் குடியிருந்து ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் மசூருக்கும் அவன் மனைவி சுபைறாவுக்கும், அந்தச் சலுகை இல்லையென்றால் மகளை அங்கே கொண்டுபோகவே வழியில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் வினோஜா சுபைறாவை மறித்தார்.

"நிறுவனத்தில சலுகையைக் கூட்டித் தாறமெண்டு சொல்றாங்க அக்கா. நாவிதன்வெளியிலயும் ஒரு நிலையம் திறக்கலாம். ஆனா மாத முடிவுக்குள்ள முப்பது பிள்ளையள்ட பேர் வேணுமாம். நான் நோட்டீஸ் ஒட்டி மூணு கிழமையாகுது. ஒராளும் வரல்ல."

"வரமாட்டாங்க மிஸ்" என்றாள் சுபைறா. அவளுக்குத் தெரியும். றிஸ்னாவை இரண்டு வருடம் திரைச்சீலைக்குப் பின்னால் கிடத்திவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் 'புள்ள தூங்குது' என்று சொன்னவள் அவள். "நோட்டீஸப் பாத்து வாற விசயமா இது? வீட்டுக்குப் போய்த்தான் கூப்பிடணும். நானும் வாறன்."

வினோஜா தயங்கினார். "ஒண்டு சொல்லணும். பிள்ளையள் கூடினா, இன்னொரு மிஸ் வருமட்டும் றிஸ்னாவுக்கு ரெண்டு நாளுக்குப் பதிலாக் கிழமையில ஒருநாள்தான் பயிற்சி தர ஏலும். யோசிச்சுப் பாருங்க."

அன்று பகல் சாப்பாட்டின்போது சுபைறா மசூரிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தான்.

"கிழமைக்கு ரெண்டு நாள் போய்த்தான் இவ்வளவுக்கு வந்திரிக்கா. ஊராக்களுக்காக நம்மட புள்ளட நாளக் குடுக்கிறதா?"

"நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். ஆனா சும்மா கிடத்திவெச்ச ரெண்டு வருசத்த இவளுக்கு ஆரு திருப்பித் தாற? அதுமாதிரி இன்னும் எத்தின புள்ளையள் கிடக்கோ."

மசூர் சாப்பிட்டு முடித்தான். கை கழுவும்போது, "முதல்ல எங்க போகணும்?" என்று கேட்டான்.

றிஸ்னாவையும் தூக்கிக்கொண்டு, வினோஜாவோடு மசூரின் ஆட்டோவில் முதலில் பெரியநீலாவணைக்குப் போனார்கள். தமிழர்கள் வாழும் பக்கத்து ஊர்தான் என்றாலும், யுத்தகாலப் பயத்தில் அந்தக் குறுகிய ஒழுங்கைகளுக்குள் சுபைறா போய்ப் பல வருடமாகிவிட்டது. ஒரு மீனவர் வீட்டு வாசலில் செல்லத்தங்கம் என்ற பெண் மறித்து நின்றாள்.

"எங்கட வீட்டில அப்பிடிப் பிள்ளையள் ஒண்டும் இல்ல. ஆர் சொன்னது உங்களுக்கு?"

வினோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுபைறா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். "சரி அக்கா. புள்ளைக்கு வெயில் ஏறிட்டு. கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"

வேப்பமர நிழலில், கொண்டுவந்த பாயை விரித்து, றிஸ்னாவை இருத்தி, எட்டாத தூரத்தில் கிலுகிலுப்பையை ஆட்டினாள். றிஸ்னா முன்னால் சரிந்து, கையூன்றி, அதைப் பிடித்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீர் கொண்டுவந்த செல்லத்தங்கம் செம்பை நீட்ட மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சத்தத்துக்கு, வீட்டுக்குள்ளிருந்து முழங்கையால் தன்னை இழுத்து இழுத்து ஒரு குழந்தை வாசலுக்கு வந்தது. செல்லத்தங்கம் ஓடிப்போய் வாரித் தூக்கினாள். உள்ளே கொண்டுபோகத் திரும்பியவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல வந்து பாயின் ஓரத்தில் குந்தினாள்.

"பவிதரன். மூணு வயசு முடிஞ்சுது" என்றாள். "உங்கட மகளும் இப்பிடித்தான் இருந்தவவா?"

"இதவிட மோசம் அக்கா. தலையே நிக்காது."

மறுநாள் செல்லத்தங்கமும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். நாவிதன்வெளியில் வயல் செய்யும் அவளுடைய தமக்கை ஆறு வீடுகளைக் காட்டிக் கொடுத்தாள். ஒரு வீட்டில் படலையைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள், பிள்ளையைக் காட்டவில்லை. ஆனாலும் ஊர் ஊராக ஏறி இறங்கியதில், மாத முடிவில் பட்டியலில் முப்பத்திநான்கு பேர் இருந்தார்கள். சலுகை எல்லோருக்கும் கிடைத்தது.

வினோஜா சொன்னபடியே றிஸ்னாவின் நாள் ஒன்றாகக் குறைந்தது. மற்ற நாட்களில் சுபைறா வீட்டிலேயே பயிற்சி செய்வித்தாள். மசூர் மகளின் கால்களைப் பிடித்துக்கொண்டு, தாளமில்லாமல் பாடினான். அதைக் கேட்டுத் தாயும் மகளும் சிரித்ததில் பல காலைகளில் பயிற்சி பாதியில் நின்றும் போனது. ஐந்தாம் மாதம் தர்சினி என்ற புதிய மிஸ் வந்தார். அதோடு நாவிதன்வெளி நிலையமும் திறந்தது.

திறந்த அன்று காலை, வினோஜாவும் சுபைறாவும் வாசலில் நிற்கையில், ஒரு உழவு இயந்திரம் புழுதி பறக்க வந்து நின்றது. அதன் பின்பெட்டியிலிருந்து மூன்று பெண்கள் பிள்ளைகளோடு இறங்கினார்கள். வரிப்பத்தான்சேனையிலிருந்து விடியவே புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவள் உம்மு, மகனை இடுப்பில் ஏற்றியபடி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கேள்விப்பட்டு வந்த நாங்க. எங்கட பேர் பதிவில இல்ல. உள்ள வரலாமா?"

வினோஜா சுபைறாவைப் பார்த்தார். சுபைறா ஏற்கனவே கைகளை நீட்டிவிட்டாள்.

"புள்ளயத் தாங்க ராத்தா. தூரத்தால வந்திரிக்கீங்க, முதல்ல இரிங்க."