அனுமதிக்கப்படாத கேள்வி

காலையிலிருந்தே மேப் டீச்சருக்குக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல இருந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது. ஏழாம் வகுப்புக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவே அவள் நடந்த நடையில் தாழ்வாரத் தரையே கொஞ்சம் தேய்ந்திருக்கும். சமூக அறிவியல் டீச்சர் என்று நீட்டி முழக்க யாருக்குப் பொறுமை? எந்நேரமும் கக்கத்தில் ஒரு வரைபடத்தைச் சுருட்டி வைத்திருப்பாளே, அதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

அன்று கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. அவள் பாடம் எடுப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் நல்லபடியாக எழுதி, தலைமை ஆசிரியையும் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் வேறு ஊர், வேறு பள்ளி, வேறு வாடகை வீடு. ஏற்கெனவே இரண்டு முறை அப்படிப் பெட்டி கட்டியாயிற்று. காலையில் தலை வாரிவிடும்போது மகள் கேட்டாள், "அம்மா, இந்த வருஷமும் நான் ஸ்கூல் மாறணுமா?" அவள் சீப்பால் மண்டையில் ஒன்று வைத்து, "வாய மூடிக்கிட்டு நேரா நில்லு" என்றாள். பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? பெரியவர்களுக்குப் பயம் வந்தால் முதலில் அதட்டல்தான் வருகிறது.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். அவருக்கு இவள் பாடம் நடத்தும் விதமே ஆகாது. வகுப்பில் சந்தை போட்டுப் பண்டமாற்று சொல்லிக்கொடுப்பாள். தரையில் சாக்பீஸால் ஆறு வரைந்து, எந்தக் கரையில் ஊர் கட்டலாம் என்று பிள்ளைகளைச் சண்டை போட விடுவாள்.

"இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா? அதிகாரி வர்ற அன்னிக்காவது ஒழுங்கா புத்தகத்தத் திறந்து படிக்க வைங்க."

"அந்தச் சட்டசபைப் பாடத்தப் படிக்க வெச்சா அதிகாரியே குறட்ட விட்டுடுவார் மேடம்."

வாய்க்கொழுப்புதான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஏற்பாடு பிரமாதம். வகுப்பையே சபையாக்கிவிட்டாள். கேள்வி நேரம். உறுப்பினர்கள் கேட்க வேண்டும், அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டும், சபாநாயகர் அவளே. "இங்க யாரும் யாரையும் 'சும்மா உக்காரு'ன்னு சொல்லக் கூடாது. கேள்வின்னு வந்தா பதில் வந்தே ஆகணும்" என்று ஒரே சட்டம் போட்டாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. 'மாண்புமிகு' அதைவிடப் பிடித்துப்போயிற்று. ஒரு வாரமாக, "மாண்புமிகு டீச்சர், என் மாண்புமிகு ரப்பர இந்த மாண்புமிகு குரங்கு எடுத்துக்கிச்சு" என்றே புகார்கள் வந்தன.

இருந்தாலும் அவள் உஷார். கேள்விகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, வம்பு தும்பு இல்லாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். ரோட்டுப் பள்ளம், எரியாத தெருவிளக்கு, பூங்காவில் அறுந்த ஊஞ்சல்.

அதிகாரி வந்தார். வந்த களைப்பில் கை கால் கழுவக் கேட்டார். வருடம் முழுக்கப் பெரிய மேடம் பூட்டி வைத்திருக்கும் விருந்தினர் கழிப்பறை, தாழ்வாரக் கோடியில் அவருக்காகவே திறந்திருந்தது. புதுச் சோப்பு, புதுத் துண்டு, மூக்கைத் துளைக்கும் பினாயில். முகம் துடைத்துக்கொண்டு வந்து பெரிய மேடத்தின் பக்கத்தில் அமர்ந்தார். சபை கூடியது.

சுகாதார அமைச்சர் ஒல்லிப்பிச்சான் ஒருவன், பெயர் குண்டூசி. கொசுவைப் பற்றிக் கேட்டாலும் குப்பையைப் பற்றிக் கேட்டாலும் எழுந்து நின்று, "விவரம் கேட்டுச் சொல்றேன்" என்றான். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். மேப் டீச்சருக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் ரேடியோ எழுந்தாள். வாய் ஓயாத பெண், அதனால் அந்தப் பெயர். அவளுக்குக் கொடுத்திருந்தது பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லாததைப் பற்றிய கேள்வி.

"மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களே! நம் பள்ளியில் மாணவிகள் கழிப்பறை போன வருடம் குழாய் உடைந்து மூடப்பட்டது. இன்னும் திறக்கவில்லை. விருந்தினர் கழிப்பறை நன்றாக இருந்தும் எங்களுக்குத் தருவதில்லை. அது இன்று மட்டும் திறந்திருப்பது ஏன்?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதென்றால் இதுதான். குண்டூசிக்கு விவரம் கேட்கக்கூட வாய் வரவில்லை. பெரிய மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ரேடியோ நிறுத்துகிற ஆளா?

"துணைக் கேள்வி, சபாநாயகருக்கு. நாங்க பொண்ணுங்க காலையில கிளம்பினா சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது? இது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

தெரியாது. கழிப்பறை மூடிக் கிடப்பது தெரியும், பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சத்தியமாகத் தெரியாது. போன வாரம் இதே பெண் தலைசுற்றி மேஜையில் சாய்ந்தபோது, "பாட்டில் அப்படியே முழுசா இருக்கே, தண்ணி குடிக்கக்கூட ஆள் வெச்சுச் சொல்லணுமா?" என்று திட்டியது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் சிரித்து மழுப்பியிருந்தாள். ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி மேப் டீச்சரின் இடுப்பிலேயே தொங்கியது. இன்றைய பதற்றத்தில் காலையிலிருந்து எத்தனை தடவை போய் வந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கும் மேலே பயம். பெரிய மேடத்தின் பார்வை அவள் மேல் குத்திட்டு நின்றது.

"அனுமதி இல்ல. அடுத்த கேள்வி."

"டீச்சர், கேள்வின்னு வந்தா பதில்..."

"சும்மா உக்காரு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.  ரேடியோ உட்காரவில்லை. "அப்படின்னா நாங்க வெளிநடப்பு செய்யறோம்" என்றாள்.

எதிர்ப்பைக் காட்ட உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறுவது வெளிநடப்பு என்று பாடத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நேரமில்லை என்று அவள் அதை நடத்தவே இல்லை. பிள்ளைகள் தாங்களே படித்திருக்கிறார்கள்! மாணவிகள் எல்லோரும் எழுந்தார்கள். சபாநாயகரைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார்கள். ஒருத்தி வாசலில் நின்று பாட்டிலைத் திறந்து மடக்கு மடக்கென்று பாதியைக் குடித்தாள். பிறகு வரிசை தாழ்வாரக் கோடிக்குப் போனது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும் வகுப்பு வரை கேட்டன.

அதிகாரி கை தட்டினார். "பிரமாதம்! வெளிநடப்பு வரைக்கும் நடிக்கக் கத்துக் குடுத்திருக்கீங்களே!"

பெரிய மேடம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் ஒரு வாரமா ஒத்திகை சார். எங்க டீச்சர் கெட்டிக்காரி."

"அந்தக் கழிப்பறைக் கேள்வியும் நீங்க எழுதிக் குடுத்ததுதானேம்மா? சும்மா கற்பனைக்கு?" என்று அவர் மேப் டீச்சரிடம் கேட்டார். பேனா திறந்திருந்தது.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வேலை நிரந்தரம், மகளுக்கு அதே பள்ளி, அதே வீடு. பெரிய மேடம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.  ஆமாம் என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. தாழ்வாரத்தில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல சார். நான் எழுதிக் குடுத்தது பஸ் நிறுத்தம். இது அவங்க கேள்வி. அவ்வளவும் நிஜம்."

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "நிஜம்னா?"

"நிஜம்னா நிஜம் சார். நீங்க கிளம்பினதும் அத மறுபடி பூட்டிடுவாங்க."

மாணவிகள் திரும்பி வந்தார்கள். முகம் கழுவியிருந்தார்கள், சிலர் கையை உதறிக்கொண்டே வந்தார்கள்.   அவரவர் இடத்தில் நின்றார்கள், அதட்டல் விழுமோ என்று.

மேப் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் உக்காருங்க. நான் சொன்னது தப்பு. அந்தக் கேள்விக்கு அனுமதி உண்டு. மாண்புமிகு அமைச்சர் பதில் சொல்லலாம்."

குண்டூசி எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். இந்தத் தடவை விவரம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்பினான்.

"மேடம், சாவி உங்ககிட்டதான இருக்கு? நீங்களே சொல்லிடுங்க."

மொத்த வகுப்பும் திரும்பியது. பெரிய மேடம் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, அவரும் பதிலுக்காக மேடத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.