சங்கிலியின் இரண்டு பிழைகள்

உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றிய வைக்கோல் பாரத்தின் உச்சியிலிருந்து என் சாரதி சங்கிலி தலைகுப்புற விழுந்து மூன்று மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது. ஆனாலும் என் உழவு மெசினை அவனிடம் திரும்பக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. நானே ஓட்டித் திரிந்தேன். வட்டக்கச்சியின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் பிள்ளைகள் திடீரென்று குறுக்கே பாய்வார்கள். அடிபட்ட தலை அந்த நொடியில் 'நில்' என்று காலுக்குச் சொல்லுமா? அவனுக்கோ வேறு பிழைப்பில்லை. அவன் மனைவி அழகம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"சோதிச்சுப் பாப்பம், மாமா," என்றாள் சுமித்திரா. என் அக்காவின் மகள். யாழ்ப்பாணத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்து, போன ஐப்பசியில் சண்டையால் இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தவள். படித்ததுகளின் விளையாட்டு என்று முணுமுணுத்தேன். ஆனால் வேடிக்கை பார்க்க முதலில் கதிரை போட்டு உட்கார்ந்தவனும் நான்தான்.

சைக்கிள் மணி கேட்டால் சங்கிலி மேசையில் தட்ட வேண்டும். வெறும் தகரப்பேணியை அடிக்கிற சத்தம் கேட்டால் கையை அசைக்கக்கூடாது. சுமித்திரா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மணியை அடிக்கடியும் பேணியை எப்போதாவதும் அடித்தாள்.

பேணிக்கு அவன் கை ஒரு தடவைகூட அசையவில்லை.

"மாரியம்மா காப்பாத்திட்டா!" அழகம்மா கும்பிட்டாள். நான் சாவியை எடுக்க எழுந்தேன்.

"பொறுங்கோ மாமா. இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

எனக்குச் சினம் வந்தது. "ஒரு பிழையும் இல்லை. இன்னும் என்னடி வேணும்?"

"பிழையை மட்டும் பாக்கக்கூடாது. மணி கேட்டு எவ்வளவு நேரம் சுணங்கித் தட்டினவர்! எத்தினையோ மணிக்குத் தட்டவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஆருக்கும் பிழை வராது."

சங்கிலி தலைகுனிந்தான். "இவதான் பொறுத்துத் தட்டுங்கன்னு சொன்னா, தங்கச்சி."

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொன்னேன். அது தப்பா?" என்றாள் அழகம்மா.

"நிக்கிற மெசினிலை பிறேக் நல்லதோ கூடாதோ எண்டு தெரியுமோ, மாமா?"

மெசின்காரன் எனக்கு அது தோன்றவில்லையே என்று உறைத்தது.

சுணங்கினாலும் பிழைதான் என்று சொல்லிவிட்டு, இம்முறை மணியை விரட்டி விரட்டி அடித்தாள். சங்கிலியின் கை பறந்தது. இடையில் பேணி, கை பாதியில் நின்றது. மறுபடி பேணி; தட்டிவிட்டான். அழகம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகும் பல தடவை நின்றான், ஒரு தடவை தவறினான்.

"இரண்டு பிழை. போச்சு," என்றேன். மனம் விழுந்துவிட்டது.

"தலை அடிபடாத ஆள் எத்தினை விடும் எண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் இருங்கோ."

இருந்தேன். மணிகளுக்கு அவனைப் போலவே வேகமாகத் தட்டினேன். அவனுக்கு அடித்த அளவே பேணி அடித்தாள்; ஐந்து தடவை தட்டிவிட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக அந்த ஒழுங்கைகளில் மெசின் ஓட்டியவன் நான். சாவியை எடுத்து நீட்டினேன்.

சங்கிலி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "வாங்கய்யா, பரந்தனுக்குப் போயிட்டு வருவோம். நீங்க பின்னால பெட்டியில ஏறுங்க."