ஏழு 'பி' வாயைத் திறந்த நாள்

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒரே ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வாயைத் திறந்து ஆங்கிலம் பேசினால் எனக்கு டீச்சர் வேலை. பேசாவிட்டால் பழையபடி கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

தலைமையாசிரியை இதைப் பட்டென்று சொன்னபோது பெரிய தைரியசாலி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். "அந்த வயசுப் பசங்களை நம்பவே முடியாதும்மா. எந்த நிமிஷம் என்ன பண்ணுவாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்று வேறு எச்சரித்திருந்தார். தெருமுனை திரும்பியதும் அந்தத் தைரியம் காணாமல் போனது. ஆனாலும் ஒரு குஷி. வேலை பார்த்துக்கொண்டே படித்து வாங்கிய பட்டம் சும்மாவா?

சாயங்காலமே வீட்டுக் கூடத்தில் ஒத்திகை வைத்தேன். மாமியார், கணவர், கொழுந்தன் மூவரும் ஏழாம் வகுப்பு. எவ்வளவு சேட்டை முடியுமோ அவ்வளவும் செய்யலாம் என்று அனுமதி கொடுத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

"மிஸ்! பல்லி! பல்லி!" என்று கொழுந்தன் சோபா மேல் ஏறிக் குதித்தான். அவன் விட்ட காகித ராக்கெட் என் மூக்கைப் பதம் பார்த்தது.

"மிஸ், இவன் என் பென்சிலைத் திருடிட்டான்," என்றார் மாமியார், நிஜமாகவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். சுண்டுவிரலைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போனவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். "கரண்ட் போயிடுச்சு மிஸ். இப்ப என்ன பண்ணுவீங்க?"

"உங்க மண்டையில நங்குன்னு ஒண்ணு வைப்பேன்!"

"ஏம்மா, இப்படி எரிஞ்சு விழுந்தா பிள்ளைங்க பயந்துடாதா?" என்றார் மாமியார்.

"அத்தை, நீங்க ஏழாங்கிளாஸ். புத்தி சொல்லக் கூடாது."

"மறந்துட்டேன் மிஸ். சாரி மிஸ்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. மறுநாள் பையில் விசில், பிளாஸ்திரி, ஊக்கு, வாந்தி எடுத்தால் பிடிக்க பாலிதீன் பை எல்லாவற்றையும் திணித்தேன். "ஸ்கூலுக்குப் போறியா, மலை ஏறப் போறியா?" என்றார் கணவர். எது வேண்டுமானாலும் நடக்கட்டும், ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அவ்வளவுதான்! மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஒருவன் டெஸ்கைப் பார்த்தான். இன்னொருத்தி நகத்தைப் பார்த்தாள். பெயரைக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. பாட்டுப் பாடிப் பார்த்தேன், யானை மாதிரி நடந்து காட்டினேன். எதற்கும் அசையவில்லை. அட, ஒரு ராக்கெட்டாவது விடுங்களேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். சேட்டைக்குத்தானே தயாராக வந்திருந்தேன்! இந்த அமைதிக்கு என் பையில் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியை பீரியட் முடிவதற்குள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பாதி பீரியட் ஏற்கெனவே போயிருந்தது.

"ஏம்ப்பா, எல்லார் வாயிலயும் பூட்டா போட்டிருக்கு?" என்று வெடித்தேன்.

முதல் வரிசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி முணுமுணுத்தாள். "தப்பாயிடும் மிஸ்."

"தப்பானா என்ன?"

பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். "இங்கிலீஷ்ல தப்பு பண்ணா பெஞ்ச் மேல ஏறி நிக்கணும் மிஸ். பீரியட் முடியுற வரைக்கும். முன்னாடி இருந்த சார் போட்ட ரூல்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மனிதர் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால்! கோபமும் பதற்றமும் சேர, "சரி, நானே பேசறேன், கேளுங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினேன். "யெஸ்டர்டே ஐ கோ டு தி மார்க்கெட்!"

"வென்ட்," என்றது ஒரு மெல்லிய குரல்.

"யாரு அது?"

சந்தோஷத்தில்தான் கேட்டேன். என் பாழாய்ப்போன குரல் அதட்டல் மாதிரி வந்துவிட்டது. கண்ணாடிக்காரி எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக் கழற்றினாள், பெஞ்ச் மேல் ஒரு காலை வைத்தாள்.

எனக்குப் பகீரென்றது. "ஐயோ, இறங்கும்மா! தப்பு பண்ணது யாரு?"

அவள் காலை மட்டும் கீழே இறக்கினாள்.

"தைரியமா சொல்லு. யாரு?"

"நீங்கதான் மிஸ்."

"அப்ப யாரு ஏறணும்?"

நாற்காலியை வகுப்பு நடுவில் இழுத்துப் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி நின்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே பின்வரிசை வரைக்கும் ஓடியது.

"மை ஹஸ்பண்ட் ஆர் எ லிஃப்ட் மெக்கானிக்!" என்றேன் மேலிருந்து.

"இஸ், மிஸ்! இஸ்!"

"ஹீ டோன்ட் லைக் மை சிங்கிங்!"

"டஸன்ட்! டஸன்ட்!"

பின்பெஞ்ச் நெட்டையன் ஒருவன் துள்ளி எழுந்தான். "மிஸ், மை சிஸ்டர் ஈட்டட் மை எரேசர்!" "ஏட்!" என்று வகுப்பே அலறியது. அவன் ராஜா மாதிரி நடந்து வந்து, "இறங்குங்க மிஸ், என் டர்ன்" என்றான். அதற்குப் பிறகு என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை, கட்டுப்படுத்தவும் இல்லை. நாய், தம்பி, பஸ், பல்வலி என்று கதை கதையாகக் கொட்டினார்கள். பாதி தப்பு. அத்தனையும் ஆங்கிலம்! நாற்காலிக்கு அடிதடி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் மறுபடி நாற்காலி மேல் நின்றிருந்தபோது கதவு திறந்தது. தலைமையாசிரியை.

சத்தம் சட்டென்று அறுந்தது. என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்து அதட்டினார். "வொய் டிட் யூ மேட் திஸ் நாய்ஸ்?"

மேட்!

என் காதில் விழுந்தது. வகுப்பு முழுவதின் காதிலும் விழுந்தது என்பது அந்த முகங்களிலேயே தெரிந்தது. கண்ணாடிக்காரி மெதுவாக எழுந்து என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையசைத்து வேண்டாம் என்றால் போதும், உட்கார்ந்துவிடுவாள். என் வேலை பிழைக்கும். ஆனால் இவள் இனி வாயைத் திறக்கவே மாட்டாள். மற்றவர்களும்தான். பார்சல் ஸ்டிக்கர்கள் எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து போயின.

போனால் போகிறது! சொல்லு என்று தலையாட்டினேன்.

"மேக், மேடம்," என்றாள் அவள். "வொய் டிட் யூ மேக்."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். அத்தனை கண்களும் காலி நாற்காலிக்குப் போயின.

"மேடம்... ரூல் மேடம்," என்றான் நெட்டையன்.

"என்ன ரூல்? யாரு போட்டது?"

"பழைய சார் போட்டது மேடம். தப்பு பண்ணா ஏறி நிக்கணும். பிள்ளைங்களுக்கு மட்டும்னு இருந்துச்சு. நான்தான் எல்லாருக்கும்னு மாத்திட்டேன்," என்றேன்.

அவர் கண்ணாடிக்காரியின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ஃபைலை மேஜை மேல் வைத்தார்.

"கையைப் புடிங்கம்மா. விழுந்து வச்சேன்னா மானம் போயிடும்."

ஏறி நின்றார். வகுப்புக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"டுமாரோ ஆல்ஸோ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அடுத்த வார்த்தைகளை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. "திஸ் டீச்சர்... வில் கம்."

நெட்டையன் ஒவ்வொரு வார்த்தையாக விரல் விட்டு எண்ணினான். கண்ணாடிக்காரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்த வாக்கியத்தை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள். நான் தலைமையாசிரியையின் கையை இறுகப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கரெக்ட், மேடம்!"