தங்கச்சி புருஷன் மாதிரி

என் தங்கச்சியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திரைச்சீலை தைக்கும் கடையில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் மெஷின். அவள் வீட்டுக்காரர் ஓயாமல் போனில் கூப்பிடுவார். உடனே தையலை நிறுத்திவிட்டு வீடியோவில் தன் முகத்தைக் காட்டுவாள். அப்புறம் என்னை, துணி அலமாரியை, வாசலை.

"அவருக்கு என்னைப் பாக்காம இருக்க முடியாதுக்கா" என்பாள்.

அம்மா வீட்டுக்குக்கூடத் தனியாக அனுப்பமாட்டார். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையாகப் பார்த்து எடுத்துத் தருவார். வேலை முடியும் முன்பே வண்டியோடு வாசலில் நிற்பார். கொடுத்து வைத்தவள்! அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் இருக்கிறாரே. எலக்ட்ரீஷியன். நான் காணாமல் போனால் சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்குத் தெரியும். பொறாமை தாங்காமல் ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"அவரைப் பாத்துக் கத்துக்கங்க. நாளைக்கு மணிக்கொரு தடவ கூப்பிடணும்."

பாவம், மனுஷன் தலையாட்டினார்.

மறுநாள் சொன்னபடியே கூப்பிட்டார். "எங்க இருக்க?" "கடையிலதான்." "சரி." தங்கச்சி காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த அழைப்பில் நூல் அறுந்தது. அதற்கடுத்ததில் மடிப்பு கோணலாகிப் பிரிக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் மறுபடி.

"ஏணி மேல நிக்கிறேன். நீ எங்க இருக்க?"

"ம், நிலாவுல இருக்கேன்! வைங்க போனை. இன்னொரு தடவ கூப்பிட்டீங்க, நடக்கிறதே வேற!"

"அப்பாடா" என்று வைத்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னக்கா இப்படிப் பேசிட்ட? இன்னைக்கு வீட்டுக்குப் போகாத."

"ஏன்டி?"

"மாமா சும்மா விடுவாரா? போனா வாயத் திறக்காத. முகத்துல படாமப் பாத்துக்க. கையில பட்டா சட்டையில மறைச்சுக்கலாம்."

மெஷினுக்கு ஊசி மாற்றச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"உங்க மாமா எம்மேல கை ஓங்கினதே இல்லடி. ஒரு அடி கிடையாது."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். வெளியே அவள் புருஷன் வண்டி ஹாரன் கேட்டது. பதறி எழுந்தவளின் முன்னால் போய் நின்றேன்.

"எத்தனை நாளா நடக்குது? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீயே எம்மேல பொறாமைப்பட்டியேக்கா. அப்ப மாமா இதவிட மோசம்போல, நம்மாளு பரவாயில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் போய் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துச் சாத்தினேன்.