பூசணி படியிறங்கிய புதன்கிழமை

தோலியூ நகருக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களைத் தாண்டி இருக்கும் நாய்க் காப்பகத்தில் அதற்குப் பெயர் வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். பூசணி. சாம்பல் பூத்த கறுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம், சோற்றுப் பானை போல ஒரு தலை. வைத்த இடத்தில் கிடக்கும். இரண்டு வீடுகளுக்குப் போய், இரண்டிலிருந்தும் திரும்பி வந்த நாய் என்பதைக் காப்பகத்து ஹோங் மறைக்கவில்லை.

"முதல் வீட்டுல சாயங்காலமானா ஊளையிடுதுன்னாங்க. அடுத்த வீட்டுல வாசலைத் தாண்ட மாட்டேங்குதுன்னாங்க," என்றான். "கடிக்காது, குரைக்காது. ஆனா வெளியில கால் வைக்காது. உங்க வீடோ மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நிலம் ஆடிச்சுன்னா இவனை யாரு அக்கா தூக்கிட்டு ஓடுறது?"

நாய் ஒன்றைக் கேட்டு வந்திருந்த ரூயின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறவள். திறக்காத பூட்டு ஒன்று கையில் கிடைத்தால், அது ஏன் திறக்கவில்லை என்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"கொண்டுபோய்ப் பாக்குறேனே," என்றாள்.

"ரெண்டு வாரம். நான் வந்து பாக்கும்போது இவன் தன் காலால படியிறங்கி வரணும். இல்லன்னா கூட்டிட்டு வந்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அன்று பூசணியைத் தார்ப்பாயில் கிடத்தி, ஹோங்கும் இன்னும் மூன்று பேரும் மூச்சிரைக்க மாடி ஏற்றினார்கள். கதவைத் திறந்த அண்ணி சூமெய் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"பல்லக்குல சாமி வருதாக்கும்னு பாத்தேன். நாய்தானா? தெரிஞ்சிருந்தா ஊதுபத்தி ஏத்தி வச்சிருப்பேன்."

ரூயினின் அண்ணன் இறந்துபோன பிறகும் அண்ணியும் நாத்தனாரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணி வேண்டாம் என்று எதையும் சொல்வதில்லை. வேண்டாதது வந்த பிறகு அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவாள்.

பேச அவளுக்கு விஷயமும் கிடைத்தது. பூசணி வீட்டுக்குள் நன்றாகவே நடமாடியது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு தின்றது. மற்றதற்கெல்லாம் பால்கனிக்குப் போய், அண்ணியின் வெங்காயத்தாள் தொட்டியில் காலைத் தூக்கியது. வாசல் கதவைத் திறந்தால் மட்டும் நிலைப்படியில் மோவாயை வைத்துப் படுத்துவிடும். ரூயின் முதல் படியில் பன்றித் தொத்திறைச்சி வைத்தாள். பூசணி அதைப் பார்த்து எச்சில் விட்டதே தவிர எழவில்லை. பின்னாலிருந்து தள்ளினாள். குளிர்பதனப் பெட்டியைத் தள்ளுவது இதைவிட எளிது.

"என் வெங்காயத்தாளை இனிமே சூப்புல போட முடியுமாடி?" என்றாள் அண்ணி.

"தொட்டியை உயரத்துல வைங்க அண்ணி."

"அவன் கால் எட்டாத உயரம்னா கூரை மேலதான் வைக்கணும்."

சாயங்காலமானால் ஊளையிடும் என்பதும் உண்மைதான். குப்பை வண்டி தன் பியானோப் பாட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது பூசணி எழுந்து வாசலுக்கு வந்து, தலையை நிமிர்த்தி ஊளையிடும். அந்தச் சந்தில் அது ஒரு பெரிய செய்தி இல்லை. கீழ்வீட்டு லியாவ் மாமாவின் குட்டை நாயும் ஊளையிடும், எதிர்வீட்டுக் கிழ நாயும் ஊளையிடும். குப்பைப் பாட்டுக்கு நாய் ஊளையிடுவதும் மழைக்குத் தவளை கத்துவதும் ஒன்றுதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரூயினும் சில நாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஊளையிட்டு முடித்த பூசணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. அவள் கையில் கயிறு இருந்தது. கயிற்றை மோந்தது, மறு கையையும் மோந்தது, ஏதோ குறைகிறது என்பதுபோலப் பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது.

என்ன குறைகிறது? மறுநாள் பந்து வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்த நாள் குடை. தொப்பி, சந்தைக் கூடை, அண்ணனின் பழைய செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் மோந்துவிட்டு பூசணி படுத்தது.

"அடுத்தது என்ன, என்னைத் தூக்கிக் காட்டப்போறியா?" என்றாள் அண்ணி.

குப்பைப் பையைக் காட்டலாம் என்று ரூயினுக்குத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. வண்டி வரும்போது வீட்டில் குப்பைப் பையே இருக்காது. அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு வெகு நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுவாள். தெருமுனையில் பையை வைத்துக்கொண்டு, யார் மருமகள் யாரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டால்தான் அவளுக்கு அன்றைய பொழுது நிறையும்.

இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை அண்ணியின் தங்கை காவ்சியுங்கிலிருந்து போனில் அழைத்தாள். பேச்சு நீண்டுவிட்டது. பாட்டு தெருமுனையில் திரும்பியபோது பை அடுப்படியிலேயே இருந்தது.

"ஐயோ, வண்டி. ரூயின், எடுத்துட்டு ஓடு."

ரூயின் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கினாள். பூசணி ஒரே பாய்ச்சலில் எழுந்தது. பையின் முடிச்சை வாயில் கவ்வியது. அடுத்த கணம் பையும் நாயும் ரூயினும் ஒன்றாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கீழே போனதும் அது ஓடவில்லை. வரிசையில் போய் நின்றது. முன்னால் இருந்தவர் நகர்ந்தால் நகர்ந்தது. வண்டியின் பின்னால், முழங்கை வரை ரப்பர் உறை போட்ட ஆள் கையை நீட்டியதும் தலையைத் தூக்கிப் பையைக் கொடுத்தது. பிறகு மின்கம்பத்தில் சாவகாசமாகக் காலைத் தூக்கிவிட்டு, வேலை முடிந்த மனிதன்போல வீடு திரும்பியது.

"எந்தப் புண்ணியவாளன் பழக்கினானோ," என்றார் லியாவ் மாமா. "என் பையன் முப்பது வருஷத்துல ஒரு தடவ குப்பை கொட்டினதில்ல."

யார் பழக்கினார்கள், அவருக்கு என்ன ஆனது என்று அன்று சந்து முழுக்கப் பேசிக்கொண்டது. முட்டி வலிக்காரர் யாராவதாக இருக்கும் என்றார்கள் சிலர். ரூயினுக்குக் கேட்கக் கேட்கத் தெரிந்துகொள்ளும் ஆசை கூடியது. ஆனால் பூசணி சொல்லப்போவதில்லை.

அன்றே ஹோங் போன் செய்தான். "அக்கா, நான் வர வேண்டிய வெள்ளிக்கிழமை தடுப்பூசி முகாம். நாளைக்குச் சாயங்காலமே வந்துரட்டுமா?"

"வா தம்பி, வா. வந்து கண்ணால பாரு."

அவள் போனை வைத்ததும் அண்ணி கேட்டாள். "நாளைக்கு என்ன கிழமை?"

புதன். புதனும் ஞாயிறும் அந்த ஊரில் குப்பை வண்டி வராது.

புதன் காலையில் ரூயின் பையில் பழைய செய்தித்தாளை அடைத்துக் காட்டினாள். பூசணி மோந்து பார்த்து, இது குப்பையே இல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீன்தலையும் முட்டை ஓடும் போட்டு நிஜக் குப்பையாகவே காட்டினாள். இப்போது எழுந்து வந்தது. காதை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்தது. பாட்டு இல்லை. படுத்துவிட்டது. பை மட்டும் போதாது, பாட்டும் வேண்டும்.

"ஹோங்கை நாளைக்கு வரச் சொல்லேன்," என்றாள் அண்ணி.

"சொன்னேன். முகாம் வேலையாம், முடியாதாம். இன்னிக்கு இவன் படியிறங்கி வரலன்னா வண்டியில ஏத்திடுவேன்னுதான் பேச்சு."

அண்ணி கொஞ்ச நேரம் பால்கனியில் மஞ்சளாகிப் போன வெங்காயத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டினாள். "லியாவ்கிட்ட அந்தப் பாட்டுப் பெட்டி இருக்குல்ல?"

லியாவ் மாமா ஞாயிறுதோறும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பழைய காதல் பாட்டுகள் பாடிச் சந்து முழுவதையும் வதைக்கும் பெட்டி அது. அதன் சத்தம் ரயில் நிலையம் வரை கேட்கும்.

ஹோங் வந்தான். வண்டியைச் சந்தில் நிறுத்தி, நாயை ஏற்றுவதற்குத் தோதாகப் பின்கதவைத் திறந்துவைத்தான். பெரிய நாய்களைத் தூக்கப் போடும் நீள ரப்பர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தான். அண்ணி தெருமுனையில் தன் போனைப் பெட்டியோடு இணைத்து, குப்பை வண்டிப் பாட்டை முடுக்கினாள்.

பாட்டு சந்து முழுக்க நிறைந்தது. லியாவ் மாமாவின் குட்டை நாய் ஊளையிட்டது. எதிர்வீட்டுக் கிழ நாய் ஊளையிட்டது. மாடியில் நிலைப்படியில் கிடந்த பூசணி எழுந்து, ரூயின் கையிலிருந்த பையைக் கவ்வியது.

அவர்கள் கீழே வந்தபோது சந்து முழுக்க ஆட்கள். அண்ணி இதை யோசிக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு எழுந்து ஓடிப் பழகியது நாய் மட்டுமா? ஒருத்தி தலையில் ஷாம்பு நுரையோடு, ஒருவர் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எல்லார் கையிலும் பை.

"இன்னிக்கு புதன்ல?"

"புதன்தான். ஆனா பாட்டு கேக்குதே?"

"தேர்தல் வருதுல்ல. இனிமே ராத்திரி பகலா அள்ளுவாங்க."

"வண்டி எங்க?"

"ஏய் சூமெய், அது லியாவோட பெட்டிதான? உனக்கு எத்தனை கொழுப்பு."

அண்ணி பெட்டியை அணைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் பைகளோடு திரும்பினார்கள். ஷாம்புக்காரி மட்டும், "நாளைக்கு உன் வீட்டுல வந்து குளிப்பேன்," என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

பூசணி திரும்பவில்லை. தெருவின் நடுவில், வாயில் பையோடு உட்கார்ந்திருந்தது. ரூயின் பையை இழுத்துப் பார்த்தாள். கொடுக்கவில்லை. படியிறங்கிவிட்டது. ஆனால் இனி மேலே போகாது போலிருக்கிறது. ஹோங்கின் வண்டியோ பின்கதவு திறந்தபடி பத்தடியில் நிற்கிறது.

பூசணி அந்த வண்டியைப் பார்த்தது. திறந்த பின்கதவைப் பார்த்தது. பக்கத்தில் ரப்பர் உறையோடு நின்ற ஆளைப் பார்த்தது. எழுந்து நேராக அதை நோக்கி நடந்தது.

"பூசணி," என்றாள் ரூயின்.

நாய் ஹோங்கின் எதிரில் போய் நின்று தலையைத் தூக்கியது. அவன் விழித்தான். பிறகு தன்னையறியாமல் கையை நீட்டினான். பூசணி பையை அவன் கையில் வைத்துவிட்டு, மின்கம்பத்துக்குப் போய்க் காலைத் தூக்கிவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்த ரூயினை இழுத்துக்கொண்டு படியேறத் தொடங்கியது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹோங் கையில் மீன்தலை நாற்றமடிக்கும் பையோடு நின்றான். "படியிறங்கிட்டான், சரி. நிலம் ஆடினா என்ன பண்ணுவீங்கக்கா?"

"வாசல்ல எப்பவும் ஒரு பை இருக்கும். பாட்டு நான் பாடுறேன்," என்றாள் அண்ணி. "நிலம் ஆடும்போது லியாவோட பெட்டியத் தேடிட்டா இருக்க முடியும்?"

"அப்ப இந்தப் பையை நான் என்ன பண்றது?"

அண்ணி படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு வியாழன்தான தம்பி. உங்க தெருவுக்கு வண்டி வரும்ல?"