சாம்சன் பேனர் வந்தால் நிற்கும் பஸ்

எபினேசருக்கு யாரையும் மறுத்துப் பேசத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஹெலன் இதை நல்ல குணம் என்று நினைத்தாள். அவளுக்கு அப்போது அவ்வளவுதான் அறிவு. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே பக்கத்து மெஷின்காரன் மச்சான் கல்யாணத்துக்குப் போனால் அவன் ஷிப்ட்டையும் இவன்தான் பார்ப்பான். சர்ச்சில் நாற்காலி தூக்க ஆள் தேடும்போது இவன் பெயர் முதலில் வரும். நன்றி சொல்லும்போது மட்டும் எப்படியோ விட்டுப்போகும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். சர்ச்சுக்கு இளைத்தவன் எபினேசர்.

அவனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம். வாங்கும்போது அதில் வெளிநாட்டு ரோடுதான் இருக்கும். குப்பை கிடையாது, மாடு கிடையாது, குறுக்கே ஓடும் மனுஷன் கிடையாது. அதற்காக நம் ஆட்கள் 'மோட்' என்று ஒன்று செய்து இணையத்தில் போடுகிறார்கள். ஒருவன் நம்மூர் பஸ் செய்கிறான், ஒருவன் ஏர் ஹாரன் செய்கிறான், ஒருவன் நடுரோட்டில் படுத்து அசை போடும் எருமை செய்கிறான். இறக்கிச் சேர்த்துக்கொண்டால் கேம் நம்மூராக மாறிவிடும். எபினேசர் ரோட்டையே செய்தான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஆரம்பித்து, பஜார், சிப்காட், பொன்னேரி வழியாக மீஞ்சூர் வரைக்கும். வேலை விட்டு வந்து ஒரு வருஷம் உட்கார்ந்து செய்தான். ஒருநாள் ஹெலன் வேலை பார்க்கும் கடை வாசலே, சாய்ந்த மின்கம்பத்தோடு, திரையில் வந்து நின்றது. அவள் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். ஆனாலும் பாராட்டவில்லை. பாராட்டினால் சோறு தண்ணி மறந்துவிடுவான்.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு அந்த பஸ்ஸை சர்ச் ஹாலில் பெரிய திரை கட்டி ஓட்டலாம் என்று ஆயர் சொன்னார். ஜனங்கள் வரிசையில் நின்று, தங்கள் ரோட்டில் தாங்களே பஸ் ஓட்டிப் பார்க்கலாம். அன்றைக்கு எபினேசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இத்தப் பண்ணி இன்னாத்துக்கு ஆவுது" என்று கேட்ட அத்தனை பேரும் பார்க்கப் போகிறார்கள். அவன் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான் என்பது ஹெலனுக்குத் தெரியும். இது மட்டும் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று அவள் ஜெபம்கூடச் செய்தாள்.

அதற்குள் சாம்சன் வந்தார்.

சாம்சன் சர்ச் வாலிபர் சங்கச் செயலாளர். வாலிபம் அவரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது, பதவி மட்டும் போகவில்லை. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் வேலை. திரையில் ரோட்டைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கலெக்டர் ஆய்வுக்கு வந்த மாதிரி பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது பிரதர். ஆனா ரோட்ல ஒரு பேனர்கூட இல்லியே. நம்மூரு மாரியே இல்லியே."

"வெச்சிட்லாம்ணா" என்றான் எபினேசர்.

அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான். சாம்சனுக்கு ஒரு பேனர் என்றதும் பொருளாளர் தனக்கு ஒன்று கேட்டார். பொருளாளருக்கு வைத்தால் துணைச் செயலாளர் சும்மா இருப்பாரா? அவருடைய மாமனார், மாமனாரின் டிராக்டர், பாடகர் குழு, பாடகர் குழுவில் சண்டை போட்டுப் பிரிந்துபோன பாடகர் குழு என்று சிப்காட் திருப்பத்தில் பேனராக முளைத்தது.

இதெல்லாம் ஹெலனுக்குப் புதிதில்லை. அவள் பஜாரில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் டிசைனர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் பார்ப்பது மூஞ்சிகளைத்தான். மஞ்சள் நீராட்டு பேனரில் பெண்ணை மூலையில் தள்ளிவிட்டு மாமன் நடுவில் நிற்பான். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவரைவிட அழுகிறவர் படம் பெரிதாக இருக்கும். 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று கீழே வரிசையாக ஒட்டும் சின்னப் படங்களில் ஒருவன் விட்டுப்போனால் கடை வாசலில் பஞ்சாயத்து நடக்கும். "மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெருசா வரட்டும் மேடம்" என்று சொல்லாத ஒருவனை அவள் இதுவரை சந்தித்ததில்லை. இந்த ஜனங்களுக்கு மூஞ்சியைத் தவிர வேறு உறுப்பே கிடையாதா என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு.

பேனர்கள் ஏறிய மறுநாளிலிருந்து பஸ் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டேஷனிலிருந்து ஜோராகக் கிளம்பும், பஜாரைத் தாண்டும், சிப்காட் திருப்பம் வந்ததும் திக்கித் திக்கி நிற்கும். படம் உறைந்துபோய், சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரே தாவு தாவி எங்கேயோ வயலில் கிடக்கும்.

எபினேசர் இணையத்தில் தன்னைப் போன்ற பஸ் பைத்தியங்கள் கூடும் குழுவில் கேட்டான். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நிழலைக் குறை என்றான் ஒருவன். குறைத்தான். மழையை எடு என்றான் இன்னொருவன். எடுத்தான். கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் மென்பொருளைப் புதுசாகப் போடு என்றார்கள், அதையும் போட்டான். சூடு ஏறியிருக்கும் என்று ஒரு மேதாவி சொன்னதைக் கேட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தான். ஹெலன் வியர்த்துக்கொண்டு சமைத்தாள், கம்ப்யூட்டர் காற்று வாங்கியது. கடைசியில் மோடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். எருமை போனது. ஏர் ஹாரன் போனது. இரும்புச் சுருள் ஏற்றிய லாரி மோட்தான் திருட்டுப்பயல் என்று முடிவுகட்டி, அதைச் செய்த யாரோ ஒரு புண்ணியவானைத் திட்டித் தூக்கியெறிந்தான். அதற்குப் பிறகும் பஸ் சிப்காட் திருப்பத்தில்தான் நின்றது.

ஹெலன் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். இரண்டு முறை ஓட்டியதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யோவ், அது லாரிக்கு நிக்கல. பேனருக்கு நிக்குது. அந்தப் படமெல்லாம் எங்கேர்ந்து எடுத்த?"

"உன் பென்டிரைவ்லேர்ந்துதான்."

"அப்டியேவா?"

"பின்ன? கிளியரா தெரியணும்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அது இருபதடி பிளக்ஸில் அச்சடிக்க அவள் செய்த கோப்பு. சாம்சன் மீசையை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பெரியது. ரோட்டோரம் கட்டைவிரல் அளவு தெரிய வேண்டிய படத்துக்கு, சுவரளவு படத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறான். பேனர் கண்ணில் படும் நேரம் கிராபிக்ஸ் கார்டு அத்தனை மூஞ்சிகளையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். பாவம், அது என்ன செய்யும்? ஊரே அந்த மூஞ்சிகளைத் தூக்க முடியாமல்தான் தவிக்கிறது.

ஹெலன் உட்கார்ந்து அத்தனை படங்களையும் சுருக்கிக் கொடுத்தாள். பஸ் மீஞ்சூர் வரை வழுக்கிக்கொண்டு போனது. எருமையும் திரும்பி வந்து ரோட்டில் படுத்துக்கொண்டது. எபினேசர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். டேபிள் ஃபேன் அடுப்பங்கரைக்குத் திரும்பியது.

பேனர் ஏறியதும் ஒருமுறை வந்து பார்த்துப் பூரித்துப் போயிருந்த சாம்சன், சனிக்கிழமை மத்தியானம் மறுபடி வந்தார். பஸ் சிப்காட் திருப்பத்தைத் தாண்டியது. அவர் முகம் சுருங்கியது.

"பிரதர், நம்ம பேனர் எங்க?"

"இப்பத்தான் தாண்டுச்சிண்ணா."

"இன்னா தாண்டுச்சி? சர்னு பூட்டீங்க. மூஞ்சியே தெரியல, யாரோ மாரி கீது. முன்ன எவ்ளோ நல்லா இருந்துது."

"முன்ன அங்க வந்தா பஸ்ஸே நின்னுடும்ணா" என்று குறுக்கே சொன்னாள் ஹெலன். "படம் பெருசு. தாங்கல."

சாம்சன் அவளைப் பார்த்துச் சிரித்தார். வருகிற மாதம் அவர் சர்ச் கமிட்டித் தேர்தலில் நிற்கிறார். "நிக்கட்டுமே சிஸ்டர். ரெண்டு நிமிசம் நின்னா இன்னா, குடியா முழுகிடும்? ஜனங்க நின்னு பாக்கட்டும். மத்தவங்கள்து சின்னதா இருக்கட்டும், பரவால்ல. என்துது மட்டும் பழையபடி வெச்சிடுங்க பிரதர்."

ஹெலன் புருஷனைப் பார்த்தாள். இதற்காவது வாயைத் திறப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு, "வெச்சிட்லாம்ணா" என்றான்.

அவர் போன பிறகு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரங்கள் பேசின. "உன் பஸ்ஸு, உன் ரோடு. அந்தாளு மூஞ்சிக்கோசரம் நீயே நிறுத்திக்கோ. நாளைக்கு இன்னா ஆனாலும் நான் வாயத் தொறக்கமாட்டன்."

"இன்னா பண்றது ஹெலன், பேஜாரு பண்ணுவாரு."

"பண்ணட்டும்" என்றாள். அவன் படத்தை மாற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹாலில் ஜன்னலையெல்லாம் சாத்தித் திரை கட்டி, முன்னால் கம்ப்யூட்டரோடு கேமுக்கான ஸ்டீயரிங் ஒன்றையும் வைத்தார்கள். வெளியே வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலம் போய்க்கொண்டிருந்தது. முதல் டிரைவராக ஆயரே உட்கார்ந்தார். ஸ்டேஷன் தெரிந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு. பஜார் வந்ததும் "டேய், நம்ம பிரியாணிக் கடைடா" என்று ஒருவன் எழுந்தே நின்றான். எபினேசர் சுவரோரம் நின்று, பரீட்சை முடிவு கேட்கிறவன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

சிப்காட் திருப்பம் வந்தது. பஸ் நின்றது.

திரை முழுக்க சாம்சன். கை கூப்பி, பல் அத்தனையும் காட்டி, அசையாமல் நின்றார். அதுதான் முடிவு போலிருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். கீழே நின்ற சாம்சன் தலை குனிந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது விலைக்குக் கிடைத்தால் இந்த மனுஷனுக்கு மூட்டையாக வாங்கிப் போடலாம் என்று நினைத்தாள் ஹெலன்.

மறுபடி ஆரம்பித்தான் எபினேசர். அடுத்து வந்தவருக்கும் சாம்சனிடம்தான் நின்றது. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. வரிசை கலையத் தொடங்கியது. நாலு பேர் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். வரிசையில் ரோசம்மாள் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விடாமல் நின்றாள். சிப்காட்டில் ஒரு மருந்து கம்பெனி கேன்டீனில் அவளுக்கு வேலை. தினமும் அந்த ரோட்டில் நிஜ பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள்.

"என் கம்பெனி அந்தத் திருப்பத்துக்கு அந்தாண்ட கீது. இவுரு போவ வுடமாட்டாரு போலகீதே" என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள்.

சிரிப்பு தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் சாம்சன் மைக்கைப் பிடித்தார்.

"சகோதர சகோதரிகளே, நம்ம எபினேசர் பிரதர் தன்னால முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்ணியிருக்காரு. கம்ப்யூட்டர் பழசு. அனுபவமும் கம்மி. கர்த்தருக்குச் சித்தமானா, அடுத்த வருசம் நல்லா தெரிஞ்ச ஆள வெச்சி, இதவிடச் சிறப்பா செய்வோம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை உடைத்தவனே வந்து ஆடுகிறவளுக்குக் கால் சரியில்லை என்கிறான். ஹெலனுக்கு மைக்கைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. எபினேசர் அவளைத் திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அவன் நடந்து போய் கீபோர்டின் முன் நின்றான். கேமை மூடினான். படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தான். பெரிய திரையில் அத்தனை மூஞ்சிகளும் தபால்தலை மாதிரி வரிசையாகத் தெரிந்தன. சாம்சன் படத்தைத் தேர்ந்தெடுத்து, அழிக்கச் சொன்னான். நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்தக் கேள்வியை ஹாலே படித்தது.

"பிரதர், பிரதர், இன்னா பண்றீங்க? அது என்துது."

"ஆமாண்ணா. அதாலதான் வண்டி நிக்குது."

"அப்ப சின்னதாவாச்சும் வெய்யுங்க. மத்தவங்கள்து மாரி."

"இப்ப டைம் இல்லண்ணா, ஜனங்க நிக்கிறாங்க" என்றான் எபினேசர். அதற்குள் விரல் 'ஆம்' பட்டனை அழுத்திவிட்டது. கேமை மறுபடி திறந்தான். "ரோசம்மாக்கா, வந்து ஒக்காருங்க."

ரோசம்மாள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். ஸ்டேஷன் போனது, பஜார் போனது. சிப்காட் திருப்பத்தில் ஹாலே மூச்சைப் பிடித்தது. பஸ் நிற்கவில்லை. ஆனால் சாம்சன் இருந்த இடத்தில் பெரிய பலகை ஒன்று பளபளவென்று பிங்க் நிறத்தில் நின்றது. வைக்கச் சொன்ன படம் காணாமல் போனால், கேம் அந்த இடத்துக்கு அந்த நிறத்தைத்தான் பூசும். மற்ற பேனரெல்லாம் மங்கலாகத் தெரிய, அது ஒன்று மட்டும் கல்யாண வீட்டு மிட்டாய் மாதிரி கண்ணைப் பறித்தது.

"அது இன்னாடா எபி, ரோஸ் கலர்ல?" என்று கேட்டாள் ரோசம்மாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எபினேசர் நிதானமாகச் சொன்னான். "அதுவா? அது சாம்சன் அண்ணன்க்கா."

முதலில் சிரித்தது ஆயர்தான். பிறகு ஹாலே சிரித்தது. பஜ்ஜிக் கடைக்குப் போனவர்கள் கையில் பஜ்ஜியோடு திரும்பி ஓடி வந்தார்கள். சாம்சன் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஹெலன் முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வரிசை வாசல் வரை நீண்டது. அடுத்து உட்கார்ந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கண்டக்டர் மாதிரி எபினேசர் கேட்டான்.

"சாம்சன் அங்கிள்கிட்ட" என்றாள் அவள்.